சீசன் வருமானத்தை நம்பி வீட்டுக் கணக்குப் போடலாமா?
மாலைதீவுக்குத் தொழிலுக்குச் செல்வோருக்கு ஒரு பாடம்

அண்மையில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது எமது ஊர் இளைஞர் ஒருவர் என்னை நிறுத்தினார். "நானா, மாலைதீவில் ஒரு ஹோட்டலில் வேலை சரிவந்திருக்கிறது. மாதம் 650 டொலர் என்கிறார்கள். போகலாமா?" என்று கேட்டார்.

"அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு தம்பி?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. முகவர் சொன்னது 650. அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, வீட்டாரும் கேட்கவில்லை.

அந்த இளைஞருக்குப் பள்ளிவாசல் வாசலில் நின்று சொல்லி முடிக்க இயலாததை இவ்வாரம் வாசகர்களுக்காக எழுதுகிறேன். நான் மாலைதீவில் உல்லாச விடுதி ஒன்றின் கணக்குப் பிரிவில் 2014 முதல் 2020 வரை தொழில் செய்தவன். மற்றவர்களின் சம்பளக் கணக்கை ஒழுங்காகப் பார்த்த நான், என் வீட்டுக் கணக்கில் தவறு செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இரண்டு வகையான தொழிலிடம்

மாலைதீவில் உல்லாசப் பயணத்துறை 1972 இல் குரும்பா தீவில் தொடங்கியது. 2024 இல் அந்த நாட்டுக்கு வந்த பயணிகளின் எண்ணிக்கை 20 இலட்சத்தைத் தாண்டியது. ஒரு தீவு முழுவதும் ஒரே விடுதியாக இருப்பது பழைய முறை. அங்கே தங்குமிடமும் சாப்பாடும் நிர்வாகத்தின் பொறுப்பு. செலவு குறைவு. ஆனால் வேலை முடிந்தாலும் அதே தீவில்தான் இருக்க வேண்டும்.

2010 ஆம் ஆண்டையொட்டி மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் விடுதிகள் நடத்த வழி திறந்தது. மாலேக்குத் தெற்கே உள்ள மாஃபூஷி அவ்வாறே வளர்ந்த ஒரு சிறு பட்டணம். இங்கே விடுதிகள் சிறியவை. வரவேற்பு, கணக்கு, படகு ஏற்பாடு எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்க நேரிடும். தொழில் பழகலாம். ஆனால் சம்பளமும் வசதியும் விடுதிக்கு விடுதி வேறுபடும்.

எமக்குச் சில வாய்ப்புகள் உண்டு. பயணம் ஒன்றரை மணி நேரம்தான். திவெஹி மொழி சிங்களத்துக்கு நெருங்கிய உறவுடையது. சிங்களம் தெரிந்தவர் விரைவில் பிடித்துக்கொள்வார். நோன்பும் பெருநாளும் உள்ள முஸ்லிம் நாடு. இவையெல்லாம் நல்லவை. ஆனால் இவற்றை நம்பிச் சம்பளக் கணக்கைப் பார்க்காமல் விடக் கூடாது.

650 என்பது மூன்று பகுதி

உல்லாச விடுதி ஊழியரின் வருமானம் மூன்று பகுதிகளால் ஆனது. முதலாவது அடிப்படைச் சம்பளம். இது ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட நிலையான தொகை. இரண்டாவது 'சேர்விஸ் சார்ஜ்' என்று எல்லோரும் சொல்லும் சேவைக் கட்டணம். பயணியின் பில்லில் 10 வீதம் சேர்த்து அறவிடப்படும். 2020 இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி இதில் 99 வீதத்தை ஊழியர்களுக்குப் பகிர வேண்டும். மூன்றாவது பயணிகள் விரும்பிக் கொடுக்கும் 'டிப்ஸ்'. அது வந்தால் வரவு.

முதலாவது மாறாது. மற்ற இரண்டும் விடுதியில் எத்தனை அறைகள் நிரம்பின என்பதைப் பொறுத்தவை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஐரோப்பாவில் குளிர், மாலைதீவில் வெயில். அறைகள் நிரம்பும், விலையும் உயரும். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் பருவக்காற்று. மழையும் கடல் கொந்தளிப்பும் வரும். விலை இறங்கும், சேவைக் கட்டணமும் இறங்கும்.

ஓர் உதாரணக் கணக்கு

அடிப்படைச் சம்பளம் 300 டொலர் என்று வைப்போம். சேவைக் கட்டணம் சீசனில் 350 டொலர், சீசன் இல்லாதபோது 90 டொலர். டிப்ஸைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

சீசன் மாதம்: 300 + 350 = 650 டொலர். ஆறு மாதத்துக்கு 3,900.
மற்ற மாதம்: 300 + 90 = 390 டொலர். ஆறு மாதத்துக்கு 2,340.
வருட மொத்தம் 6,240 டொலர். மாதச் சராசரி 520.

முகவர் சொன்ன 650 பொய்யல்ல. ஆனால் அது வருடத்தில் பாதிக்கு மட்டுமே உண்மை. 650 ஐ வைத்து வீட்டுச் செலவையும் சீட்டுப் பணத்தையும் கடன் தவணையையும் அமைத்தவர், மே மாதம் வந்ததும் மாதாமாதம் 260 டொலர் குறைவில் நிற்பார்.

ஆகவே நான் சொல்லும் விதி ஒன்றே. வீட்டுக் கணக்கை 390 இல் போடுங்கள். சீசன் மாதங்களில் மேலதிகமாக வரும் 260 டொலரைத் தொடாமல் ஒதுக்குங்கள். ஆறு மாதத்தில் அது 1,560 டொலராகும். அதாவது 390 டொலரில் ஓடும் ஒரு வீட்டுக்கு நான்கு மாதச் செலவு.

நான் செய்த தவறு

நான் 2014 நவம்பரில் போய்ச் சேர்ந்தேன். முதல் ஐந்து மாதமும் நல்ல வரவு. அதுதான் என் சம்பளம் என்று நினைத்து, "மாடி வேலையைத் தொடங்குங்கள்" என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். மேசன் வந்தார், கல்லும் கம்பியும் கடனுக்கு வந்தன. ஜூனில் என் கைக்கு வந்த தொகை பெருமளவு குறைந்தது. கடைக்காரர் வாப்பாவிடம் வந்து நின்றார். என் மனைவியின் இரண்டு காப்புகளை விற்றுக் கடனைத் தீர்த்தோம். மாடிக்கு எழுப்பிய தூண்கள் மூன்று வருடம் கம்பி நீட்டியபடி நின்றன. விடுதி எனக்குக் கொடுக்க வேண்டியதில் ஒரு சதமும் குறைக்கவில்லை. பிழை முழுவதும் என்னுடையது.

அதன் பிறகு மேலே சொன்ன விதிப்படி நடந்தேன். அதன் பலனை 2020 இல் கண்டேன். கொவிட் காரணமாக மாலைதீவு மார்ச் 27 இல் பயணிகளுக்குக் கதவை மூடியது. ஜூலை 15 இல் மீண்டும் திறந்தது. மூன்றரை மாதத்துக்கும் சற்று அதிகம். பயணி இல்லையென்றால் சேவைக் கட்டணமும் இல்லை. ஒதுக்கி வைத்த நான்கு மாதப் பணத்தால் எனது வீட்டில் அடுப்பு எரிந்தது. என்னோடு ஒரே அறையில் இருந்த இன்னோர் இலங்கையர், அவ்வருடச் சீசனை நம்பி வட்டிக்குக் கடனெடுத்து முச்சக்கர வண்டி வாங்கியிருந்தார். கடனும் போகவில்லை, வண்டியும் மிஞ்சவில்லை.

2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்ததும் சீசனின் உச்சத்தில்தான். உல்லாசப் பயணத்துறையில் இத்தகைய மாதம் எப்போதாவது வரத்தான் செய்யும்.

டொலரா, ரூபியாவா?

மாலைதீவின் நாணயம் ரூபியா. வங்கி விகிதம் ஒரு டொலருக்கு 15.42 ரூபியா என்ற அளவில் இருக்கிறது. ஆனால் அந்த விகிதத்தில் தேவையான டொலர் எப்போதும் கிடைப்பதில்லை. வெளியில் கூடுதல் விலை. 7,710 ரூபியா சம்பளம் என்றால் காகிதத்தில் 500 டொலர். வெளியில் 18 ரூபியாவுக்கு டொலர் வாங்க நேர்ந்தால் கையில் வருவது 428 டொலர்தான். எனவே ஒப்பந்தத்தில் தொகையோடு நாணயத்தின் பெயரையும் பாருங்கள்.

சட்டங்களும் மாறும். 2016 ஒக்டோபரில் வெளிநாட்டு ஊழியர் அனுப்பும் பணத்துக்கு 3 வீத வரி விதித்தார்கள். 2020 தொடக்கத்தில் நீக்கினார்கள். இங்கும் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அனுப்பிய பணம் பெருகியது போலத் தெரிந்தது. பால்மாவும் அரிசியும் அதை எடுத்துக்கொண்டன.

ஹலாலைப் பற்றி

விடுதித் தீவுகளில் பயணிகளுக்கு மதுபானம் விற்கப்படுகிறது. மக்கள் வாழும் தீவுகளில் அது தடை. எனவே எந்தப் பிரிவில் வேலை என்பதைப் புறப்படுமுன்பே கேளுங்கள். குளிரூட்டி, மின்சாரம், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், படகு, கணக்கு, அறை பராமரிப்பு எனப் பல பிரிவுகள் உண்டு. கைத்தொழில் தெரிந்தவருக்குத் தேர்ந்தெடுக்க இடமிருக்கும்; எதுவும் தெரியாமல் போகிறவரைப் போட்ட இடத்தில் போடுவார்கள். சேவைக் கட்டணத்தில் மதுபான விற்பனையிலிருந்து வரும் பங்கும் கலந்திருக்கிறது. நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையவன் அல்லன். போகுமுன் உலமாக்களிடம் நிலைமையை உள்ளபடி சொல்லிக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். போன பிறகு கேட்பவருக்குத் திரும்பி வர மனம் வருவதில்லை.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

1. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, எந்த நாணயத்தில்?
2. கடந்த வருடம் ஜூன், செப்டெம்பர் மாதங்களில் சேவைக் கட்டணம் எவ்வளவு கிடைத்தது? சீசன் மாதக் கணக்கை மட்டும் சொன்னால் ஏற்க வேண்டாம்.
3. தங்குமிடம், சாப்பாடு, விடுமுறைக்கான விமான டிக்கெட் யார் பொறுப்பு?
4. வேலை அனுமதி எந்த நிறுவனத்தின் பெயரில்? விமான நிலையத்தில் கிடைக்கும் 30 நாள் பயணி விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். "வந்து மாற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள்.
5. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்தாயிற்றா? முகவருக்கும் அங்கே உரிமம் உண்டா?

இவற்றுக்கான பதில்கள் எழுத்தில் இருக்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம் எமக்குக் கற்பிக்கிறது. உழைப்பைக் கொடுத்துக் கூலி வாங்கும் ஒப்பந்தத்திலும் அந்த ஒழுங்கு எமக்கு நன்மையே.

அந்த இளைஞர் மறுவாரம் வந்தார். முகவரிடம் கேட்டிருக்கிறார். அடிப்படைச் சம்பளம் 280 டொலராம். ஜூன் மாதக் கணக்கைக் கேட்டதும் முகவர் நாளை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். "அந்தப் பதில் வரும்வரை பாஸ்போட்டைக் கொடுக்காதீர்கள் தம்பி" என்று மட்டும் சொன்னேன். போவதா இல்லையா என்பதை அவரும் அவருடைய உம்மாவும் முடிவு செய்யட்டும். அந்த முடிவு ஜூன் மாதத் தொகையைப் பார்த்து எடுத்ததாக இருந்தால், இன்ஷா அல்லாஹ், எந்த மாதத்திலும் அவர்கள் தலைகுனிய வேண்டியிருக்காது.