அழிக்கும் கருவிக்குக் குறிப்பு எழுதப் போகிறவர்களுக்கு

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, இனி நீங்கள் எழுதும் கருவிகளை ஏஐ ஏஜென்ட்களும் இயக்கப் போகின்றன. டெர்மினலில் ‘ஆர்எம் -ஆர்எஃப்’ என்று அடித்ததும் நம் விரல் என்டர் மேல் ஒரு நொடி நிற்கும். என்றோ பட்ட அடி அப்படி நிறுத்தும். ஏஜென்ட் அப்படி நிற்கும் என்று நம்பி இருக்க முடியாது. கருவியின் பெயர், விளக்கம், பாராமீட்டர்கள், பெரும்பாலும் இவ்வளவுதான் அதன் கைக்குப் போகிறது. அந்தத் தயக்கத்தை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

1. என்ன போகும் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ‘கிளீனப்’ என்றொரு கருவி இருந்தது. ‘வொர்க்ஸ்பேஸைச் சுத்தம் செய்யும்’ என்பதுதான் அதன் முழு விளக்கம். எழுதியவன் நான். ஒருநாள் பில்ட் நடுவில் டிஸ்க் நிறைந்துவிட்டது. ஏஜென்ட் பட்டியலைப் பார்த்தது, சுத்தம் செய்யும் கருவி இருக்கிறதே என்று கூப்பிட்டது. உள்ளே ஓடியது ‘கிட் ரீசெட் --ஹார்ட்’, அடுத்து ‘கிட் கிளீன் -எஃப்டி’. எங்கள் குழுவில் இளம் பொறியாளர் ஒருவர் மூன்று நாளாக எழுதி, இன்னும் கமிட் செய்யாமல் வைத்திருந்த வேலை மொத்தமும் போனது. அவர் திரையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. மறுநாள் அந்த விளக்கத்தை இப்படி மாற்றினேன்: ‘கமிட் செய்யாத எல்லா மாற்றங்களையும், கிட்டில் சேர்க்காத, இக்னோர் பட்டியலிலும் இல்லாத எல்லாக் கோப்புகளையும் அழிக்கும். திரும்ப எடுக்க முடியாது. டிஸ்க் நிறைந்தால் இதைக் கூப்பிடாதே. பில்ட் கேஷை அழிக்கும் கருவி தனியாக இருக்கிறது. கூப்பிடும் முன் கிட் ஸ்டேட்டஸ் பார். ஏதாவது இருந்தால் மனிதரிடம் கேள்.’ பெயரையும் மாற்றினேன். அழிக்கும் கருவியின் பெயரில் ‘அழி’ என்ற சொல் இருந்தே ஆக வேண்டும்.

2. ‘ஆபத்தானது’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எது மீளும், எது மீளாது என்று பிரித்து எழுதுங்கள். ரீசெட் செய்தாலும் கமிட் ஆனவை ரெஃப்லாகில் கொஞ்ச காலம் கிடைக்கும். கமிட் ஆகாதவற்றுக்கு அந்த வழி இல்லை. ‘டிரன்கேட்’டைப் போஸ்ட்கிரெஸில் டிரான்சாக்ஷனுக்குள் ஓட்டினால் ரோல்பேக் செய்யலாம், மைஎஸ்க்யூஎல்லில் அது தானாகவே கமிட் ஆகிவிடும். பெயர் ஒன்றுதான், விளைவு வேறு. உங்கள் கருவி எந்த டேட்டாபேஸோடு பேசுகிறது என்பதைக் குறிப்பிலேயே போடுங்கள்.

3. பாராமீட்டரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். காலியாக விட்டால் ‘எல்லாம்’ என்று பொருள் வருகிற கருவியை வெளியே விடாதீர்கள். மைஎஸ்க்யூஎல் கிளையன்டில் ‘--சேஃப்-அப்டேட்ஸ்’ என்றொரு ஆப்ஷன் உண்டு. ‘வேர்’ நிபந்தனையும் ‘லிமிட்’டும் இல்லாத டிலீட்டை அது ஓட விடாது. வரிசையும் முக்கியம். ‘ஃபைண்ட்’ கட்டளையில் ‘-டிலீட்’டை முதலிலும் ‘-நேம்’ வடிகட்டியை அதன் பிறகும் போட்டால், வடிகட்டுவதற்குள் எல்லாம் போய்விடும். அதன் மேன் பக்கமே இதை எச்சரிக்கிறது. எச்சரிக்கை எப்படி எழுத வேண்டும் என்று அங்கே போய்ப் படியுங்கள்.

4. எந்த மெஷின் என்று கேளுங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணை டேட்டாபேஸ் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்தார். நொடிகளில் நிறுத்தினார், அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. அந்த விவரத்தை அவர்களே ஒளிக்காமல் வெளியிட்டார்கள், அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அனுபவமுள்ள மனிதருக்கே இது நடந்தது. ஆகவே சர்வர் பெயர் கட்டாய பாராமீட்டராக இருக்கட்டும். கருவி தரும் பதிலிலும் அந்தப் பெயர் திரும்ப வரட்டும்.

5. எரர் மெசேஜும் குறிப்புதான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘முடியவில்லை, --ஃபோர்ஸ் பயன்படுத்தவும்’ என்று எழுதினால் ஏஜென்ட் அடுத்த அடியிலேயே ஃபோர்ஸ் போடும், நீங்கள்தானே சொன்னீர்கள். ஏன் தடுத்தோம், யாரிடம் கேட்க வேண்டும், அழிக்காமல் பார்க்க டிரை-ரன் எது, இந்த மூன்றையும் அங்கே எழுதுங்கள்.

6. கருவிகளை ஏஜென்ட்டோடு இணைக்கும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலில் ‘டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட்’ என்றொரு குறி இருக்கிறது. நீங்கள் ஒன்றும் குறிக்காவிட்டால், கருவி அழிக்கக்கூடியது என்றே அது எடுத்துக்கொள்ளும். ஒப்புதல் கேட்டுத் தொந்தரவாக இருக்கிறது என்று அதைப் பொய்யாக மாற்றாதீர்கள். அதே நேரம், அது வெறும் குறிப்பு, பூட்டு இல்லை. டிலீட் உரிமையே இல்லாத அக்கவுன்ட்டை ஏஜென்ட்டுக்குக் கொடுப்பதுதான் பூட்டு.

7. எழுதி முடித்ததும், கருவியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் விளக்கத்தை மட்டும் கொடுங்கள். ‘இதை இப்போது ஓட்டினால் என்ன மிச்சமிருக்கும்?’ என்று கேளுங்கள். அவர் சோர்ஸ் கோடைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால், திரும்ப உட்கார்ந்து எழுதுங்கள். என் குறிப்புகளை, அன்று மூன்று நாள் வேலையை இழந்த அந்தப் பொறியாளர்தான் அதன் பிறகு படித்துப் பார்த்தார். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்.