பழைய மெட்டு, புதிய உடை

ஏற்கெனவே புகழ் பெற்ற ஒரு பாடலை வேறொருவர் தம் பாணியில் மீண்டும் இசைப்பதை ‘கவர்’ என்று கூறுவர். மேலை நாட்டு ராக் பாடல்களைச் ‘சர்ஃப்’ பாணியில், அதாவது கடலலையில் பலகை மீது சறுக்கி விளையாடுவோர் கொண்டாடிய கிதார் பாணியில் வாசிப்பது அதில் ஒரு வகை. இதில் பெரும்பாலும் பாடகர் இருப்பதில்லை. சொற்களைக் கழற்றி வைத்துவிட்டு, மெட்டை மட்டும் மின்சாரக் கிதாரிடம் ஒப்படைத்து விடுகிறார்கள். கிதாரின் ஒலியைச் சுருள் கம்பி ஒன்றின் வழியே அனுப்பி, ஈரமாகத் ததும்புவது போன்ற எதிரொலியைச் சேர்ப்பார்கள். ஏக்கத்தோடு பாடப்பட்ட பாட்டும் அப்போது துள்ளிக்கொண்டு வரும்.

இப்பாணியின் முன்னோடி டிக் டேல் என்பவர். அவருடைய தந்தை வழியினர் லெபனான் நாட்டவர். 1962-இல் அவர் கிதாரில் மின்னல் வேகத்தில் வாசித்துப் புகழ் பெற்ற ‘மிசிர்லூ’ என்னும் மெட்டும் அவருடைய சொந்தப் படைப்பன்று. கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளில் வழங்கிய பழைய காதற்பாட்டு அது. அமெரிக்கக் கடற்கரைக்கே உரியது என்று பலரும் எண்ணும் இசை, கீழை நாட்டுப் பாட்டின் மறு உருவம் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

நம் ஊரிலும் இத்தகைய ‘கவர்’ உண்டா என்று தோழியர் கேட்கலாம். உண்டு. அதுவும் சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவர் செய்தது.

முத்துஸ்வாமி தீட்சிதர் 1775-இல் திருவாரூரில் பிறந்தார். அவருடைய தந்தை இராமஸ்வாமி தீட்சிதரை, சென்னைக்கு வடக்கே உள்ள மணலியின் பிரபு முத்துக்கிருஷ்ண முதலியார் ஆதரித்து, குடும்பத்தோடு அங்கே தங்க வைத்தார். முதலியாரின் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு துபாஷியாக இருந்தவர். அவர் தீட்சித சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று, அங்கு ஆங்கிலேயர் வாசித்த பாண்டு இசையைக் கேட்கச் செய்தார். இன்று நாம் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் சேப்பாக்கம், சிந்தாதிரிப்பேட்டை கடந்து கோட்டை நிலையத்தில் இறங்கிவிடலாம். அந்தக் கோட்டைதான்.

அங்கே கேட்ட மெட்டுகளுக்குத் தீட்சிதர் வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். இவ்வகைப் பாடல்கள் சுமார் நாற்பது. இவற்றுக்கு ‘நோட்டு ஸ்வரம்’ என்று பெயர் ஏற்பட்டது. ‘நோட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே நம் நாவில் ‘நோட்டு’ ஆயிற்று. (வகுப்பு நோட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று என் தம்பிக்கு இருமுறை விளக்க நேர்ந்தது.)

அவற்றுள் மிகவும் பெயர் பெற்றது ‘ஸந்ததம் பாஹிமாம்’. இதன் மெட்டு ஆங்கிலேயரின் அரச வாழ்த்தாகிய ‘காட் சேவ் தி கிங்’. 1745-இல் இலண்டன் நாடக அரங்கில் பாடப்பட்டுப் பரவிய மெட்டு இது. பேத்தோவன் இதை வைத்துப் பியானோவுக்கு உருமாற்றங்கள் எழுதினார். லீக்டன்ஸ்டைன் என்னும் சிறிய நாட்டின் தேசிய கீதத்துக்கும் இன்று இதுவே மெட்டு.

தீட்சிதர் செய்த மாற்றத்தைச் சற்று உற்று நோக்க வேண்டும். ஆங்கிலப் பாட்டு, மன்னரைக் காக்கும்படி இறைவனை வேண்டுகிறது. ‘ஸந்ததம் பாஹி மாம்’ என்றால் ‘எப்பொழுதும் என்னைக் காப்பாயாக’ என்று பொருள். வேண்டப்படுபவள் சங்கீத சியாமளை, இசையின் வடிவான தேவி. ‘காப்பாற்று’ என்ற வேண்டுதல் அப்படியே நிற்கிறது. மன்னர் இருந்த இடத்தில் மட்டும் பாடுகிறவரே வந்து நிற்கிறார்! அரசரின் பாட்டு, யார் வாயில் வந்தாலும் அவருக்கே உரிய பிரார்த்தனை ஆகிவிட்டது. காப்பி அடிப்பவர் இவ்வளவு யோசிக்க மாட்டார்.

சொல் அமைப்பிலும் அதே கவனம் தெரிகிறது. மெட்டு மூன்று மூன்று எண்ணிக்கையாக நடக்கும். நம் கணக்கில் திஸ்ரம். முதல் மூன்று ஸ்வரங்களும் சம அளவு. அவற்றில் ‘ஸந்-த-தம்’ அமர்கிறது. நான்காவது ஸ்வரம் நீண்டு நிற்கும். அங்கே ‘பா’ என்ற நெடில். அடுத்தது குறுகி ஓடும். அங்கே ‘ஹி’ என்ற குறில். பிறகு ‘மாம்’. கைத்தாளம் போட்டுப் பாடிப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

இனி ராகம். மேலை நாட்டு ‘மேஜர்’ ஸ்கேலும் நம் 29-ஆவது மேளமாகிய சங்கராபரணமும் ஸ்வரங்களில் ஒன்றே. ஹார்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் ‘சி’யிலிருந்து வரிசையாக அழுத்தினால் போதும். ஆயினும் கீழ்வேளூர் சிவபெருமான் மீது இதே தீட்சிதர் இயற்றிய ‘அக்ஷயலிங்க விபோ’ என்ற சங்கராபரணக் கீர்த்தனையையும் நோட்டு ஸ்வரத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே குடும்பம் என்றே நம்ப முடியாது. கீர்த்தனை நிதானமாகச் செல்லும். அதன் ஸ்வரங்கள் கமகத்தினால் அசைந்து, பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டு மீளும். நோட்டு ஸ்வரத்திலோ ஒவ்வொரு ஸ்வரமும் படிக்கட்டு போல நேராக நிற்கும். கமகம் சேர்த்து ‘நம்முடையது’ ஆக்கிவிட அவரால் முடியாதா? தாராளமாக முடியும். சொல்லை மாற்றினார், மெட்டின் நடையை விட்டுவிட்டார். வந்த விருந்தாளியை அவர் இயல்பிலேயே இருக்கவிட்ட பண்பு அது என்பது என் கருத்து.

அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786-1858) வேறு வழியில் சென்றார். அவர் மணலியில் இருந்தபோது ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார். இன்று நம் வித்துவான்கள் தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியைப் பாதத்தில் தாங்கி வாசிக்கிறார்கள். தந்திகளை ஸ, ப, ஸ, ப என்று சேர்க்கிறார்கள். அண்ணன் அந்நிய மெட்டுக்கு நம் சொல்லைக் கொடுத்தார். தம்பி அந்நிய வாத்தியத்துக்கு நம் மெட்டைக் கொடுத்தார். வயலின் இல்லாத கச்சேரியை இன்று மியூசிக் அகாதெமியில் காண்பது அரிது.

இவ்வளவும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் வகுப்பில் சிலர் ‘ஸந்ததம் பாஹிமாம்’ பாட்டைக் கிதாரிலும் டிரம்மிலும் இசைக்க விரும்பினோம். “தெய்வப் பாட்டைக் கிதாரில் வாசிக்கலாமா?” என்று சிலர் தயங்கினர். வீட்டில் பாட்டி, “ஏண்டி, தீட்சிதர் சாகித்தியமா விளையாடறதுக்குக் கிடைச்சுது?” என்றே கேட்டுவிட்டார். “பாட்டி, இது பாண்டு வாத்தியத்திலிருந்து வந்த மெட்டு. கிதார் இதற்குப் பிறந்த வீட்டு உறவு. வீணைதான் புகுந்த வீடு” என்றேன். சொல்லை விட்டுவிட்டால் அது மறுபடி வெறும் அரச வாழ்த்தாகிவிடுமே என்று பாட்டி திருப்பிக் கேட்டார். அது நியாயமான கேள்வி. ஆகவே முதல் முறை வாய்ப்பாட்டு, அடுத்த முறை கிதார் என்று வைத்துக்கொள்ளத் தீர்மானித்திருக்கிறோம்.

தீட்சிதருக்குப் பின்னும் இந்த வழி தூர்ந்துவிடவில்லை. மயிலாப்பூரில் வாழ்ந்த மதுரை மணி ஐயர் (1912-1968) கச்சேரி முடிவில் ஸ்வரங்களாகவே பாடிய ‘இங்கிலீஷ் நோட்’டுக்காகக் காத்திருந்தவர்கள் பலர். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) திரைப்படத்தில் நாதஸ்வரத்திலும் இங்கிலீஷ் நோட் ஒலித்தது. வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆஸ்திரியாவின் ஒரு சிற்றூரில் 1818-இல் ஜெர்மன் மொழியில் பிறந்த ‘சைலண்ட் நைட்’ கீதத்தைக் கிறிஸ்துமஸ் காலத்தில் அதே மெட்டில் தமிழில் பாடும்போது நாமும் இவ்வழியில்தான் நடக்கிறோம்.

எதிர்த் திசையிலும் பயணம் நடந்தது. 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் கச்சேரி செய்தபோது, இராஜாஜி எழுதிய ஆங்கிலத் துதி ஒன்றையும் பாடினார். அதற்கு மேலை நாட்டு முறையில் இசையமைத்தவர் சென்னையைச் சேர்ந்த ஹாண்டல் மானுவேல். இம்முறை ஆங்கிலச் சொற்கள் நம்மவருடையவை, மெட்டும் நம்மவருடையது, கேட்டவர்கள் உலகத்தார்.