மாரியில் ஆற்றங்கரை வீட்டைத் திருத்துதல்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் எமது கரையோரத்தில், மூத்தவர்கள் நெல் வட்டைக்குக் காவலாகக் களியோடையின் ஓரத்திலோ களப்பை அண்டிய வளவொன்றிலோ போட்ட வாடி, காலப்போக்கில் கல்வீடாக வளர்ந்து, பிள்ளைகள் கொழும்புக்கும் கத்தாருக்குமாகப் பிரிந்துபோன பின்னர் வருஷத்தில் இரண்டொரு வாரம் மாத்திரம் குடும்பம் கூடியிருக்கும் ஓய்வு வீடாக மிஞ்சியிருப்பதைப் பல குடும்பங்களில் காணலாம். அதைத் திருத்தவேண்டுமென்ற எண்ணம் எல்லோருக்கும் ஒருசேர உதிப்பது, எல்லோரும் ஒருசேர வந்திருக்கும் டிசம்பர் விடுமுறையிலேதான். அதுவோ வாடைக்காற்றோடு மழை கொட்டுகின்ற காலம். இப்பகுதிக்கு வருஷ மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையிலேயே கிடைத்துவிடுகிறது. ஆகையால் மாரியில் வீட்டு வேலை தொடங்குவது புத்தியீனம் என்று சொல்வோருண்டு. அக்கூற்றில் பாதி நியாயமே உண்டு. மாரியில் செய்யவே தகாத வேலைகள் சில இருப்பதுபோல, மாரியில் மட்டுமே செய்யக்கூடிய வேலைகளும் சில இருக்கின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிந்து கொள்பவருடைய பணம் வீணாவதில்லை.

காரியத்தை மண்வெட்டியோடு அல்ல, உறுதியோடு ஆரம்பிக்க வேண்டும். எமது பிரதேசத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போய்ச் சேர்வது நெடுங்கால வழக்கமாதலால், வாப்பா கட்டிய ஆற்றங்கரை வீடு இன்று ராத்தாவின் பெயரில் இருக்கிறதா, தங்கச்சிக்கு எழுதுவதாகப் பேசப்பட்டதா, அல்லது யாருக்குமே எழுதப்படாமல் பேச்சளவில் நிற்கிறதா என்பதை, செலவுக்குக் காசு சேர்க்கும் முன்னரே குடும்பத்தார் பாயில் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்வது உத்தமம். காக்காவின் காசில் போட்ட தளத்தின்மேல் பின்னாளில் மச்சானுக்கு உரிமை வந்துவிட்டது என்ற மனக்கசப்பு, சுவரில் விழுந்த வெடிப்பைப் போலச் சாந்து பூசி மறைக்கத்தக்கதன்று. காணி உறுதிக் காணியா, அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியா, ஆற்றின் ஒதுக்கு நிலம் அதில் எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்பவற்றையும் அப்பொழுதே பார்த்துவிடுங்கள்.

இதனோடு சட்டமும் ஒன்று உண்டு. 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி, கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதி கரையோர வலயமாகும். கடலோடு நிரந்தரமாகவோ காலத்துக்குக் காலமோ தொடர்புடைய ஆறு, களப்பு ஆகியவற்றின் விஷயத்தில் அவ்வலயம் முகத்துவாரத்திலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை நீளும். ஆகவே கடல் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும் ஆற்றங்கரை வீடும் இவ்வலயத்துள் அகப்படலாம். ஓடு மாற்றுவது வேறு, அறையொன்றைக் கூட்டிக் கட்டுவது வேறு. இரண்டாவதை உத்தேசித்திருந்தால் உள்ளூராட்சி சபையிலும் பிரதேச செயலகத்திலும் முதலில் விசாரித்து, தேவையானால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, மழை பெய்யும்பொழுது வீட்டைப் பார்வையிடுதல். மாரியில் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்று நான் சொன்னது இதனையே. கோடையில் எந்த வீடும் நல்ல வீடுதான். ஒரு கொப்பி, பென்சில், சுண்ணக்கட்டி, டோர்ச் லைட் ஆகியவற்றோடு வீட்டிலுள்ளோர் ஆளுக்கோர் அறையைப் பொறுப்பேற்று, கனமழை பெய்துகொண்டிருக்கும் அரைமணி நேரத்தில் நீர் எங்கே சொட்டுகிறது, எந்த ஜன்னலின் கீழ்ப்படியால் உள்ளே வழிகிறது, பீலி எந்த மூலையில் நிரம்பி வழிகிறது, முற்றத்து நீர் எத்திசையில் ஓடி எங்கே தேங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் இவ்வேலையில் மகா கெட்டிக்காரர்கள். ஒழுக்கு விழும் இடத்துக்கு நேர்மேலே ஓடு உடைந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்; நீர் சிலாகையையும் கைமரத்தையும் பற்றிக்கொண்டு சில முழம் இறங்கி வந்தே சொட்டும். எனவே சொட்டுமிடத்திலிருந்து முகட்டுப் பக்கமாக மரத்திலுள்ள ஈரத்தடத்தைத் தொடர்ந்து போய், அது தொடங்குமிடத்தில் சுண்ணக்கட்டியால் அடையாளமிடுவதே முறை.

இதனிலும் முக்கியமானது வெள்ளக்கோட்டைத் தேடுவது. பழைய வீடுகளின் பின்சுவரிலோ கக்கூஸின் வெளிப்புறத்திலோ கிட்டக் குனிந்து பார்த்தால், ஒரு விரல் அகலத்தில் காவி நிறக் கறையொன்று கயிறு பிடித்தாற்போல் மட்டமாக ஓடுவதையும், சாந்தின் சொரசொரப்பில் உமியும் வண்டலும் இன்னும் ஒட்டியிருப்பதையும் காணலாம். அது எந்த வெள்ளத்தின் கோடு என்பதை மூத்தம்மாவிடமும் அயலாரிடமும் கேட்டு, பக்கத்திலே வருஷத்தை எழுதி வையுங்கள். 1957 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2024 நவம்பர் வெள்ளத்தையும் நாமே கண்டோம். கடல் எதுவரை வந்தது என்பதை 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட எவரும் கைநீட்டிக் காட்டுவார்கள். எமது ஆறுகளில் நீர் எவ்வளவு உயரும் என்பது வளவில் பெய்யும் மழையை மட்டும் பொறுத்ததன்று. முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்திருக்கையில் மழை முந்திக்கொண்டால் நீர் கடலுக்கு வழியின்றிப் பின்னேறி வட்டையையும் வளவையும் நிரப்பும். மணல்மேட்டை வெட்டிவிட்டபின் இறங்கத் தொடங்கும். மேலே சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பி மேலதிக நீர் திறந்துவிடப்பட்டால், இங்கே வானம் வெளித்திருந்தபோதிலும் ஆறு பெருகும். ஆதலால் வெள்ளக்கோடே உங்கள் வீட்டின் உண்மையான அளவுகோல். இனிச் செய்யப்போகும் வேலை யாவும் அந்தக் கோட்டுக்கு மேலே, கீழே என்று இரண்டாகப் பிரியும்.

கோட்டுக்குக் கீழே, நனைந்தாலும் கெடாதவையே இருக்க வேண்டும்: சீமெந்துத் தரை, தரையோடு, கல்லாலான அடுப்புத்திட்டு. பலகை அலுமாரி, ஒட்டுப்பலகைக் கதவு, மெத்தை வைத்த இருக்கை முதலியவற்றை அங்கே வைப்பது காசை ஆற்றில் விடுவதே. மின்சாரப் பிளக்குகளையும் மெயின் பெட்டியையும் கோட்டுக்கு மேலே குறைந்தது இரண்டடி உயர்த்திப் பொருத்தச் செய்யுங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய வீடாயின் அதனையே முதற் செலவாகக் கொள்ளுங்கள். இவ்விஷயத்தில் அனுமதி பெற்ற மின்னிணைப்பாளரைத் தவிர வேறு கைகள், எவ்வளவு கெட்டித்தனமான மாமாவின் கைகளாயினும், தலையிட வேண்டாம்.

இனிக் கூரை. மழை வெளித்த இரண்டு நாள் கிடைத்தால் உடைந்த ஓடுகளை மாற்றி, முகட்டோட்டின் சாந்தைப் புதுப்பித்து, பீலியில் அடைந்த இலை குப்பைகளை அகற்றிவிடலாம்; மாரியில் தாராளமாகச் செய்யத்தக்க வேலை இது. பாசி படர்ந்த கூரையில் செருப்போடு ஏறுவதும், அஸ்பெஸ்டஸ் சீட்டின்மேல் நேரே கால்வைப்பதும் ஆபத்து. ஆணி வரிசையின்மேல் பலகை போட்டு அதன்மேலேயே நடக்க வேண்டும். அஸ்பெஸ்டஸை உலர்ந்த நிலையில் அறுக்கவோ துளையிடவோ, உடைந்த துண்டுகளைத் தும்புத்தடியால் கூட்டவோ கூடாது. அதன் தூசு நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகளுக்குப் பின் கொடிய வியாதிகளைத் தரவல்லது. நனைத்து, முழுசாகக் கழற்றி, முகக்கவசத்தோடு அப்புறப்படுத்துவதே விவேகம். பிள்ளைகள் அவ்விடத்தில் நிற்கவே வேண்டாம். கடற்காற்று சாதாரண ஆணியைச் சில வருஷங்களில் தின்றுவிடுமாதலால், துருப்பிடிக்காத ஆணிக்குச் சற்று அதிகம் கொடுப்பது நஷ்டமாகாது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரைகள் பறந்த கதையை அறிந்தவர்கள், ஓட்டை மாற்றுவதோடு நில்லாமல் கைமரத்தைச் சுவரோடு இறுக்கும் இரும்புப் பட்டிகளையும் சோதித்துப் பார்ப்பார்கள்.

முற்றத்து நீரைப் பற்றி ஒரு வார்த்தை. வளவை மண்ணால் நிரப்பி உயர்த்திவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுவோர் பெருகிவருகின்றனர். உங்கள் வளவில் நிற்காத நீர் அயலவர் வளவில் நிற்கும். தாழ்நிலங்களும் தோணாக்களும் ஊருக்கு வடிகாலாக அமைந்தவை. வீட்டுச் சுவரோரம் மாத்திரம் சரிவாகச் சீமெந்திட்டு, நீர் இயல்பாகப் போகும் வழியைத் துப்புரவாக்கி விடுவதே போதுமானது, மரியாதையுமாகும்.

சுவரின் விஷயத்தில்தான் பெரும்பாலோர் அவசரப்பட்டுப் பணத்தை இழக்கின்றனர். சாயம் உரிந்து வெள்ளைப்பொடி பூத்திருக்கும் சுவரைக் கண்டதும், விடுமுறை முடிவதற்குள் புதுச்சாயம் பூசிவிட வேண்டுமென்று மனம் துடிக்கும். அதற்குமுன் ஒரு சிறு பரீட்சை செய்யுங்கள். ஒரு முழச் சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி, ஒரு முழுநாள் விட்டுப் பாருங்கள். பொலித்தீனின் உட்புறம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், வியர்த்து முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் மாத்திரம் நனைந்திருந்தால் அது அறையின் காற்றிலுள்ள ஈரம், ஜன்னலைத் திறந்துவைத்தாலே நீங்கும். உள்ளிருந்து ஈரம் வரும் சுவரில் இப்பொழுது பூசும் எந்தச் சாயமும் அடுத்த மாரிக்குள் பொருக்கு விட்டு உதிரும். எனவே இந்த விடுமுறையில் செய்யவேண்டியது பழைய சாயத்தையும் பொருபொருத்த சாந்தையும் சுரண்டி, பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி அகற்றி, சுவரைத் திறந்த மேனியாய் விட்டுவிடுவதே. குடும்பத்தார் எல்லோரும் கைகொடுக்கத்தக்க வேலை, கூலியும் மிச்சம். சாந்தையும் சாயத்தையும் வெயில் காலத்துக்கு விடுங்கள். சாந்துக்குக் கடல் மணலை எக்காரணத்தைக் கொண்டும் எடுக்க வேண்டாம். அதிலுள்ள உப்பு காலமெல்லாம் ஈரத்தை இழுக்கும்.

மரவேலைக்கும் இதே நியாயம் பொருந்தும். மாரியில் கதவு ஊதி நிலையில் இறுகும். தள்ளித் தள்ளி அலுத்த வீட்டுக்காரர் ஓடாவியை அழைத்து ஓரத்தைச் சீவச் சொல்வார். அனுபவசாலியான ஓடாவி அதற்கு இணங்கமாட்டார். “இப்ப சீவினா, கச்சான் அடிக்கக்குள்ள இடுக்கால பல்லி பூரும் தம்பி” என்று சொல்லிப் போய்விடுவார். கச்சான் காற்றின் வரட்சியில் அதே பலகை சுருங்கும் என்பதை அறிந்த வார்த்தை அது. ஆகவே எந்தக் கதவு எந்த இடத்தில் இறுகுகிறது என்று பென்சிலால் கோடிட்டு வைத்துவிட்டு, பிணைச்சலின் ஆணிகளை இறுக்குவதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றுக்கொன்று 50 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றை ஒரே மூச்சில் மோட்டர் போட்டு இறைத்துவிடக் கூடாது. சுற்றிலும் மண் நீரில் ஊறியிருக்கையில் உள்ளே வெறுமையானால் வளையங்கள் உடைந்து சரியக்கூடும்; அத்தோடு எமது மணற்பாங்கான நிலத்தில் நன்னீர் உப்புநீரின்மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தபோது அடியிலிருந்த உப்புநீர் மேலேறிய அனுபவம் உண்டு. சிறிது சிறிதாக இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அளவு கேட்டுக் குளோரின் இட்டு, அதுவரை கொதிக்கவைத்த நீரையே பருகுங்கள். வயல் நீரிலும் வெள்ள நீரிலும் எலிக்காய்ச்சல் பரவுமாதலால் காலில் புண்ணுள்ளவர்கள் அதில் இறங்க வேண்டாம். சிரட்டை, பழைய டயர், அடைபட்ட பீலி ஆகியவற்றில் தேங்கும் மழைநீர் டெங்கு நுளம்புக்கு வாசஸ்தலம். விறகுக் குவியலையும் ஓட்டு அடுக்கையும் கையால் கிளறுமுன் தடியால் தட்டுங்கள். வெள்ளத்தில் பாம்பும் மேட்டையே தேடி வரும்.

வேலையைப் பங்கிடும்போது வயதையும் இயல்பையும் நோக்குவது அவசியம். கணக்குக் கொப்பி ஒருவரிடமே இருக்கட்டும். சமையலறையின் அமைப்பைப் பற்றிய இறுதி வார்த்தை அங்கே சமைப்பவருக்கே உரியது. ஆண்கள் கூடி வகுத்த அடுப்புத்திட்டு உயரம் தப்பிப்போவதைப் பல வீடுகளில் காணலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னர் சாந்து குழைக்கத் தொடங்காதீர்கள். பாதியில் விட்டுப்போன சாந்து இறுகிவிடும். நோன்பு வருஷந்தோறும் பத்துப் பதினொரு நாள் முந்தி வந்து மாரியை நெருங்குகிறது. 2030 ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பர் கடைசியிலுமாக இரு தடவை நோன்பு தொடங்கும். தவணை தவணையாகத் திருத்த எண்ணுவோர் இதனையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

ஆற்றங்கரை வீட்டுக்குப் போகும் பாதையில் வெள்ளம் குறுக்கே ஓடினால் அன்றைய வேலையை விட்டுவிடுங்கள். 2024 நவம்பர் 26 இல் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே, வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடிபட்டுப்போய்ப் பிள்ளைகள் மௌத்தான துயரத்தை இப்பிரதேசம் மறக்கவில்லை. உழவு இயந்திரத்தின் பாரத்தை நம்பி ஓடும் நீரைக் கடப்பது எவருக்கும் ஆகாது.

விடுமுறை முடிந்து பிரியுமுன், சுண்ணக்கட்டி அடையாளங்களையும் வெள்ளக்கோட்டையும் இறுகிய கதவுகளையும் கைபேசியில் படமெடுத்து, கோடையில் செய்யவேண்டியவற்றின் பட்டியலோடு ஊரிலிருக்கும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். மாசியிலும் பங்குனியிலும் பெரும்போக அறுவடைக்குக் கூலியாட்கள் போய்விடுவார்கள். சித்திரையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மேசன்மாரைத் தேடுவார்கள். ஆகையால் புறப்படும் முன்பே மேசனிடமும் ஓடாவியிடமும் நாள் பேசி, சிறிது முற்பணமும் கொடுத்து வைத்துவிடுங்கள்.