அந்தர் கணக்கு, லீற்றர் கணக்கு

"கப்பல்ல வாற அரிசி மலிவு. பிறகேன் கமக்காரருக்குக் காசைக் கொட்ட வேணும்?" பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கேட்டார். 2022 இல் எரிவாயு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்ற நாடு இவ்வளவு கெதியில் மறந்துவிட்டதே என்றிருந்தது எனக்கு.

கப்பலைக் கூப்பிட டொலர் வேண்டும். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியபோது கையில் அது இல்லை. தமிழகம் நன்கொடையாக அனுப்பிய அரிசி மூட்டைகளை அந்த மே மாதம் இறக்கினோம். விற்பவர் கடையும் எப்போதும் திறந்திருக்காது. அதே ஆண்டு செப்டெம்பரில் இந்தியா குறுணல் அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. தன் சனத்துக்குப் போதுமா என்றுதான் எந்த நாடும் முதலில் பார்க்கும்.

இன்னொரு நம்பிக்கைக்கு வயது கூட: "பசளை இல்லாமலே எங்கட முன்னோர் விளைவிச்சவை." விளைவித்தார்கள்தான். ஆனால் 1901 இல் இந்தத் தீவின் சனத்தொகை 36 இலட்சம் அளவு, இன்று இரண்டு கோடிக்கு மேல். அந்தக் காலத்திலும் உண்ட அரிசியில் பாதிக்கு மேல் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. 1942 இல் பர்மா யப்பானிடம் விழுந்ததும் இங்கே அரிசிக்குத் திண்டாட்டம் வந்தது இதனால்தான்.

இரசாயனப் பசளையிலிருந்து பத்து ஆண்டில் படிப்படியாக விலகுவோம் என்று 2019 தேர்தலில் வென்றவரின் விஞ்ஞாபனம் சொன்னது. 2021 மே மாதம் ஒரே வர்த்தமானி அறிவித்தலில் இறக்குமதியே நின்றது. அன்று கமநல சேவை நிலைய வாசலில் நின்றவர்கள் போட்ட கணக்கு எளிது. ஓர் அந்தர் யூரியா என்பது 50 கிலோ. அதில் 46 சதவீதம், அதாவது 23 கிலோ நைதரசன். நல்ல கூட்டெருவில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் இருக்கும். ஆகவே தோளில் தூக்கிப் போகும் ஒரு மூட்டையின் இடத்துக்கு ஒன்றரைத் தொன் எரு வேண்டும், உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அதுவும் மெல்ல மெல்லத்தான் மண்ணில் இறங்கும். மூன்றரை மாத நெல் அவ்வளவு காலம் காத்திருக்காது. பயிர் வெடித்துப் பெருகும்போதும் குடலைப் பருவத்திலும் அதற்கு நைதரசன் கிடைத்தாக வேண்டும். கூட்டெருவில் எனக்குக் குறை இல்லை, மண்ணுக்கு அது நல்லது. ஆனால் அது யூரியாவின் வேலையை ஒரு போகத்துக்குள் செய்யும் என்றது பொய்.

நவம்பர் இறுதியில் தடை நீங்கியது. காலபோகம் அதற்குள் விதைத்தாயிற்று. 2022 இன் இரு போக நெல் விளைச்சலும் சேர்ந்து சுமார் 30 இலட்சம் தொன், முந்திய ஆண்டைவிட 42 சதவீதம் குறைவு என்று ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் கணித்தன. டொலரை மிச்சம் பிடிக்கப்போய் அரிசி வாங்க டொலர் தேடினோம்.

"தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும், கமக்காரனுக்குக் கொண்டாட்டம்" என்பவர்களிடம் ஓர் உதாரணம் இருக்கிறது, அது பொய்யுமல்ல. 1970 முதல் 1977 வரை இறக்குமதி அடைபட்டிருந்தபோது யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் செய்தவர்கள் கல்வீடு கட்டினார்கள். 1977 இல் சந்தை திறந்ததும் விலை விழுந்தது. ஆனால் அன்று தடுத்தது வெளியிலிருந்து வந்த மிளகாயையும் வெங்காயத்தையும். 2021 இல் தடுத்தது பயிருக்குப் போட வேண்டிய பசளையை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஏறிய விலைக்கு விற்க நெல் வேண்டுமே! கடனுக்காகக் களத்திலேயே நெல்லைக் கொடுத்தவர், இரண்டு மாதம் கழித்துக் கடையில் அரிசி வாங்குபவராக வரிசையில் நிற்கிறார்.

கடற்றொழிலுக்கு வருவோம். கடல் சும்மா தருகிறது, வலையைப் போட்டால் சரி என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வடக்கில் சின்ன ஃபைபர் படகுகளின் எஞ்சினைப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 2022 நடுப்பகுதியில் இரண்டும் இல்லை. மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நாட்களும் அந்த ஆண்டில் உண்டு. கரண்ட் இல்லாமல் ஐஸ் இல்லை, ஐஸ் இல்லாமல் பிடித்த மீனும் வெய்யிலில் போய்விடும். இந்நாட்டார் உண்ணும் விலங்குப் புரதத்தில் ஏறக்குறையப் பாதி மீனிலிருந்து வருகிறது. படகு கரையில் கிடந்தால் பட்டினி மீனவர் வீட்டோடு நிற்காது.

உதவியே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. இந்தியாவின் கடனில் வந்த 44,000 தொன் யூரியா 2022 ஜூலையில் இறங்கியது. சிறுபோகம் வழக்கமாக விதைப்பது ஏப்ரலிலும் மேயிலும். பசளைக்கு நாள் உண்டு. அந்த நாள் தவறினால் மூட்டை அடுத்த போகத்துக்குத்தான்.

அதே ஆண்டு நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு மீனவர் சுமார் 700 பேருக்கென இந்தியா 15,000 லீற்றர் மண்ணெண்ணெய் கொடுத்தது. பங்கிட்டால் ஆளுக்கு 21 லீற்றர். ஒரு நாள் தொழிலுக்கு 20 லீற்றர் என்று வைத்தால், அன்றைய 87 ரூபாய் விலையில் அதன் பெறுமதி 1,740 ரூபாய். ஓகஸ்டில் லீற்றர் 340 ஆனது. அதே 20 லீற்றருக்கு அப்போது 6,800, வலையில் ஒரு மீன்கூடப் படுமுன்னர்.