சமூக ஊடகங்களும் சமூகப் பணியும்

க.பொ.த. (சாதாரண தரம்) மாணவர்களுக்கான பாடக்குறிப்பு

இப்பாடத்தைக் கற்பதன் மூலம் நீங்கள்,
• பொதுத் தேவையொன்றைச் சமூக ஊடகத்தின் வாயிலாக எடுத்துரைக்கும் முறையை விளக்குவீர்கள்.
• தெளிவான வேண்டுகோள் ஒன்றை எழுதுவீர்கள்.
• அவ்வாறு எழுதும்போது பேண வேண்டிய பொறுப்புக்களைக் குறிப்பிடுவீர்கள்.

1. அறிமுகம்

முகநூல், வட்ஸ்அப் போன்றவை சமூக ஊடகங்கள் எனப்படும். பத்திரிகை, வானொலி ஆகியவற்றில் செய்தியை வெளியிடுவோர் சிலர், பெறுவோர் பலர். சமூக ஊடகத்திலோ பெறுபவரே அனுப்புபவராகவும் விளங்குகிறார். எனவே ஒரு தோட்டத்தின் தேவையை அத்தோட்டத்தவரே வெளியுலகுக்கு எடுத்துரைக்க முடிகிறது. அதற்கான பொறுப்பும் அவர்களையே சாரும்.

2. சப்ரகமுவ மாகாண அனுபவம்

2016 மே 17 ஆம் திகதி, கடும் மழையின்போது, கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கப் பகுதியில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் அதே மாவட்டத்தின் புளத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டத்திலும் மண்சரிவு ஏற்பட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் பலியாகின. 2017 மே மாத இறுதியில் இரத்தினபுரி உட்படப் பல மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டன. நாடு முழுவதும் 200 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இக்காலங்களில் தொண்டர்கள் முகநூல், வட்ஸ்அப் ஆகியவற்றின் மூலம் உலருணவு, குடிநீர் முதலியவற்றைத் திரட்டினர்.

பெரும் அனர்த்தம் நிகழ்ந்த இடத்தின் பெயர் விரைவில் பரவும். உட்பகுதியிலுள்ள சிறிய தோட்டப் பிரிவின் பெயரை எவரேனும் எழுதினாலன்றி வெளியார் அறியார். அதை எழுதக்கூடியவர் அங்கு வாழும் மாணவராக இருக்கலாம்.

3. இரு வேண்டுகோள்களை ஒப்பிடுவோம்

(அ) "எங்கள் தோட்டத்தில் மண்சரிவு. மக்கள் பட்டினி. உடனே உதவுங்கள். எல்லோருக்கும் பகிருங்கள்."

(ஆ) "யூன் 3, காலை 9 மணி. ………… தோட்டம், கீழ்ப்பிரிவு, கேகாலை மாவட்டம். மண்சரிவு எச்சரிக்கை காரணமாக 22 குடும்பங்கள் தோட்டப் பாடசாலையில் தங்கியுள்ளன. தேவை: பால்மா, பாய், குடிநீர். உடுதுணி போதியளவு கிடைத்துவிட்டது. லொறி பாடசாலை வரை வராது. சந்தியிலுள்ள கோவிலில் ஒப்படைக்கவும். தொடர்பு: கிராம உத்தியோகத்தர், தொ.பே. ………… இவ்வேண்டுகோள் யூன் 5 வரை மட்டுமே."

முதலாவது உள்ளத்தைத் தொடுகிறது. ஆனால் எங்கே, எப்போது, என்ன, யாரிடம் என்பவற்றைக் கூறவில்லை. திகதி இல்லாமையால் மாதக்கணக்கில் சுற்றிவரவும் கூடும். இரண்டாவதைப் படிப்பவர் உடனே செயற்படலாம்.

4. கருத்திற்கொள்ள வேண்டியவை

• உறுதிப்படுத்தல்: கிராம உத்தியோகத்தர், அதிபர், தோட்ட நிருவாகம் ஆகியோரில் ஒருவரிடம் விசாரித்த பின்னரே பதிவிடுக.
• பணம்: மாணவர் தம் பெயரிலோ நண்பர் பெயரிலோ பணம் திரட்டலாகாது. பாடசாலை, கோவில் பரிபாலன சபை, மரண உதவிச் சங்கம் போன்ற கணக்குக் காட்டும் அமைப்பினூடாகவே திரட்ட வேண்டும்.
• மொழி: அயற் கிராமத்தவரே முதலில் வந்து உதவக்கூடியவர்கள். எனவே தமிழுடன் சிங்களத்திலும் எழுதுக.
• முன்னுரிமை: உயிராபத்து உள்ளபோது பதிவிட்டுக் காத்திருத்தல் தவறு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கே முதலில் அறிவித்தல் வேண்டும்.
• முடித்தல்: தேவை நிறைவேறியதும் அதனை அறிவித்து, பெற்ற பொருட்களின் விபரத்தையும் வெளியிடுக. இவ்வாறு செய்தாலே அடுத்த வேண்டுகோளை மக்கள் நம்புவர்.

5. உலக உதாரணம்

2014 இல் தலையில் பனிக்கட்டி நீரை ஊற்றிக்கொள்ளும் சவால் சமூக ஊடகங்களில் பரவியது. ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய் பற்றிய விழிப்புணர்வே அதன் நோக்கம். பலர் நோயைப் பற்றி அறியாமல் விளையாட்டாகவே செய்தனர் என்ற விமர்சனம் எழுந்தது. எனினும் அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு ஏறத்தாழ 11 கோடியே 50 இலட்சம் டொலர் கிடைத்தது. அந்நிதியின் ஒரு பகுதி உதவிய ஆய்வினால், இந்நோயுடன் தொடர்புடைய மரபணு ஒன்று கண்டறியப்பட்டதாக 2016 இல் அறிவிக்கப்பட்டது. பகிர்தல் தொடக்கமே, நிதி உரிய இடத்தைச் சேர்ந்தபோதே பயன் விளைந்தது.

6. மாதிரி வினாவும் விடையும்

வினா: நோயுற்ற தோட்டச் சிறுமி ஒருத்தியின் சிகிச்சைக்கு உதவி கோரும் பதிவில் அவளது படத்தை வெளியிடுவது பொருத்தமானதா? காரணம் தருக.

விடை: பொருத்தமற்றது. படம் இரக்கத்தைத் தூண்டும் என்பது உண்மையே. ஆயினும் ஒருமுறை பகிரப்பட்ட படத்தை முற்றாக மீளப்பெற இயலாது. அச்சிறுமி குணமடைந்து பாடசாலைக்குத் திரும்பும்போது, உதவி கேட்கப்பட்ட பிள்ளை என்ற பெயர் அவளைத் தொடரக்கூடும். பெற்றோரின் சம்மதத்துடன் வயது, நோய், சிகிச்சைச் செலவு என்பவற்றை மட்டும் குறிப்பிட்டு, வைத்தியரின் கடிதத்தை நேரில் பார்வையிடலாம் என எழுதினால் போதுமானது. உதவி பெறுபவரின் மானத்தைக் காப்பதும் உதவியே.

7. பயிற்சி

1. வேண்டுகோள் (அ) இல் விடுபட்டுள்ள விபரங்கள் ஐந்தைத் தருக.
2. உமது பாடசாலை நூலகத்துக்கு நூல்கள் கோரி, 60 சொற்களுக்கு மேற்படாத பதிவொன்றை எழுதுக.
3. "பகிர்வதோடு கடமை முடிவதில்லை." இக்கூற்றை உதாரணங்களுடன் ஆராய்க.