வீட்டுக் கணினியை வெளியுலகிற்குத் திறத்தல்: துறை முன்னனுப்பல்

மாணவர்களே, கட்டுகஸ்தோட்டையில் உங்கள் வீட்டுக் கணினியில் ஓர் இணையத்தளம் இயங்குகின்றது, அதன் முகவரி 192.168.1.20 எனக் கொள்வோம். அதே ரவுட்டருடன் இணைந்த தொலைபேசியில் தளம் தெரியும். பேராதனையிலுள்ள நண்பனுக்குத் தெரியாது. ஏன்? "இணைப்பு மெதுவானது" என எழுதினால் புள்ளி கிடையாது.

192.168 என ஆரம்பிப்பது தனிப்பட்ட முகவரி. 1996இல் வெளியான நியமப்படி ஒதுக்கப்பட்ட இம்முகவரிகள் கண்டியில் எத்தனையோ வீடுகளில் ஒரேமாதிரி உண்டு. இணையம் அவற்றை அறியாது. 32 பிட் கொண்ட ஐபிவி4இல் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உள்ளமையால், வீடு முழுவதற்கும் ரவுட்டரின் ஒரே பொது முகவரிதான்.

உள்ளிருந்து செல்லும் கோரிக்கையை ரவுட்டர் குறித்துவைப்பதால் பதில் உரிய கணினிக்குத் திரும்பும். வெளியிலிருந்து தானாக வரும் கோரிக்கையை யாரிடம் கொடுப்பதென அதற்குத் தெரியாது, கைவிட்டுவிடும். ஆகவே "80ஆம் துறைக்கு வருவதை 192.168.1.20இற்கு அனுப்பு" என ரவுட்டரில் விதி எழுதுகின்றோம். இதுவே துறை முன்னனுப்பல். கணினியின் முகவரி மாறாதவாறு ஒதுக்கிவைக்கவும் வேண்டும். விடையில் பலர் விடுவது இதைத்தான்.

ரவுட்டரின் வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரையில் ஆரம்பித்தால், விதி எழுதியும் பயனில்லை. இணைய நிறுவனமே ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்கின்றது.

திறந்த துறையை நண்பன் மட்டும் தட்டுவதில்லை. 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கமெராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. எனவே கடவுச்சொல்லை மாற்றிய பின்பே, தேவையான துறையை மட்டும் திறவுங்கள். சோதிக்கும்போது வீட்டு வைஃபையை விட்டு, தொலைபேசியின் தரவு இணைப்பில் பாருங்கள்.