புல்லட்டுக்கு டர்போ: காற்றுக்கு முன்னால் எண்ணெய்

திருப்பதி மாவட்டத்தின் ஒரு மூலையில், ஸ்ரீசிட்டியில், 2016 முதல் இசுசு ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து வெளியே வரும் டி-மேக்ஸ் வண்டிகளில் இருப்பது டர்போ டீசல் எஞ்சின். பக்கத்திலேயே சத்தியவேடு வட்டாரத்தில் ஹீரோ நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் ஆலை. சித்தூரிலிருந்து மாநில எல்லையைத் தாண்டிச் சோளிங்கர் பக்கம் போனால் புலிவலத்தில் டர்போ எனர்ஜி ஆலை. 1982-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தொழிலே டர்போ செய்வதுதான். டர்போவும் பைக்கும் இவ்வளவு அருகருகே உருவாகியும், கம்பெனியிலிருந்தே டர்போவோடு வரும் மோட்டார் சைக்கிள் இந்தியக் கடைகளில் கிடையாது. வேண்டுமென்றால் பட்டறையில்தான் பூட்டிக்கொள்ள வேண்டும்.

ஜப்பான்காரர்கள் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 1982-ல் ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போவும் யமஹா எக்ஸ்ஜே650 டர்போவும் வந்தன. அடுத்து சுசுகி எக்ஸ்என்85, அதன் பின் கவாஸாகி ஜிபிஇசட்750 டர்போ. சில வருடங்களுக்குள் நான்கும் கடையை விட்டுப் போயின. விலை அதிகம், எடை அதிகம், ஆக்ஸிலேட்டரைத் திருகியதற்கும் வண்டி பாய்வதற்கும் நடுவே ஓர் இடைவெளி. ஆனாலும் பட்டறைக்காரருக்கு அவற்றில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஹோண்டா தன் எஞ்சினின் கம்ப்ரஷனை 7.2-க்கு 1 என்று இறக்கியது, கவாஸாகி 7.8-க்கு 1 என்று வைத்தது. அதோடு கவாஸாகி டர்போவை எஞ்சினுக்கு முன்னால், சைலன்ஸர் பைப் புறப்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே பொருத்தி அந்த இடைவெளியைக் குறைத்தது.

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்ன அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் சிக்கலாகும். ஆகவே டர்போ வண்டி திருமலை மலைப்பாதைக்கானது அல்ல. குடும்பம் குடும்பமாக பக்தர்கள் போகும் அந்த வளைவுகளில், பாதித் திருப்பத்தில் திடீரென்று பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம், ஏறினால் பின் சக்கரம் வழுக்கும். இதற்கான இடம் ரேஸ் டிராக். சித்தூர்க்காரருக்கு அருகில் இருப்பது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை டிராக்.

எந்த வண்டி?

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 நல்ல தேர்வு. 499 சிசி, கம்ப்ரஷன் 8.5-க்கு 1, நிதானமாகச் சுழலும் எஞ்சின், கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன். பூஸ்டையும் கம்ப்ரஷனையும் சேர்த்துப் பார்க்க ஒரு தோராயக் கணக்கு உண்டு. 0.4 பார் பூஸ்ட் கொடுத்தால் 8.5-ஐ 1.4-ஆல் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 12 வரும். பெட்ரோல் அதைத் தாங்கும். 12.6 கம்ப்ரஷன் உள்ள கேடிஎம் 390-க்கு அதே பூஸ்ட் கொடுத்தால் 17-ஐத் தாண்டும். அங்கே பிஸ்டன் ஓட்டையாக ஒரு ஓட்டம் போதும்.

பழைய வார்ப்பு இரும்பு புல்லட்டைத் தொட வேண்டாம். அதன் எண்ணெய் பம்ப் தரும் அழுத்தம் டர்போ பேரிங்குக்குப் போதாது. எந்த எஞ்சினாக இருந்தாலும் முதலில் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தையும், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கேஜ் மாட்டி அளக்க வேண்டும். ஏற்கெனவே புகைக்கும் எஞ்சினில் டர்போ பூட்டினால், பிறகு வரும் புகை யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

எந்த டர்போ?

500 சிசி ஒற்றை சிலிண்டர் 5,000 ஆர்பிஎம்மில், 0.35 பார் பூஸ்டில், நிமிடத்துக்கு ஒன்றரைக் கிலோ காற்றைத்தான் விழுங்கும். ஜப்பானின் 660 சிசி சிறு கார்களில் வந்த ஐஹெச்ஐ ஆர்எச்பி31 அளவு டர்போ இதற்குப் பொருந்தும். சென்னை புதுப்பேட்டையில் எளிதாகக் கையில் சிக்குவது 1.3 லிட்டர் டீசல் கார்களின் கேபி35. அது கொஞ்சம் பெரிது. பூஸ்ட் தாமதமாகத்தான் ஏறும். ஆனாலும் வேலை செய்யும்.

டீசல் டர்போவில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. பூஸ்ட் அளவு மீறாமல் தடுக்கும் அதன் வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங் பெரும்பாலும் 1 பார் பக்கம் போன பிறகுதான் திறக்கும். பைக் எஞ்சினுக்கு அது சாவு. 0.3 பாரில் திறக்கும் மெல்லிய ஸ்பிரிங் உள்ள ஆக்சுவேட்டரைப் பூட்டியே ஆக வேண்டும். இரண்டாவது, வெப்பம். டீசல் புகை 800 டிகிரி செல்சியஸ் பக்கம் நின்றுவிடும்; பெட்ரோல் புகை 900-ஐத் தாண்டும். நீண்ட நேர முழு ஓட்டத்துக்கு டீசல் டர்போவின் டர்பைன் பக்கம் ஏற்றதல்ல. சின்னச் சின்ன ஓட்டமாகத்தான் ஓட்ட வேண்டும்.

பழைய டர்போ வாங்கும்போது ஷாஃப்ட்டை விரலால் பிடித்து உள்ளே வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். அந்தத் திசையில் ஆட்டம் தெரியவே கூடாது. பக்கவாட்டில் லேசாக ஆடலாம், ஆனால் சக்கரத்தின் இறகு சுவரில் உரசக் கூடாது.

பொருத்துவது

டர்போவை வெறும் பெண்ட் பைப்பில் தொங்கவிட்டால் ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் வெல்டிங் விரிசல் விடும். பிரேமிலிருந்து தனி ஸ்டே கொடுத்து அதன் எடையைத் தாங்க வேண்டும். பைப் சூட்டில் நீளும்; அதற்கு இடம்விடும் இணைப்பு ஒன்று நடுவில் வேண்டும். 304 ஸ்டீல், ஆர்கான் வெல்டிங். காஸ் வெல்டிங் இங்கே நிற்காது. கவாஸாகி செய்ததுபோல் எஞ்சினுக்கு முன்புறமே இடம் தேட வேண்டும். ஆனால் உயரத்தில் கவனம்: டர்போவின் நடுப்பகுதி, எஞ்சினுக்குள் எண்ணெய் நிற்கும் மட்டத்தைவிட மேலே இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சமரசம் செய்தால் அதன்பின் செய்யும் எதுவும் கைகொடுக்காது.

எண்ணெய் போகும் வழி, திரும்பும் வழி

புதிதாக டர்போ பூட்டிய வண்டி நீலப் புகை விட்டால், டர்போ சீல் போய்விட்டது என்று கழற்றி வீசுவதுதான் வழக்கம். பெரும்பாலும் சீல் நன்றாகத்தான் இருக்கும். எண்ணெய் திரும்ப வழியில்லாமல் உள்ளே தேங்கி, ஷாஃப்ட் ஓரமாகக் கசிந்து சைலன்ஸருக்குள் போயிருக்கும்.

டர்போவுக்குப் போகும் எண்ணெய் அழுத்தத்தோடு போகிறது. அதற்கு மெல்லிய குழாயும், வாயில் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டரும் போதும். திரும்பும்போது அழுத்தமே கிடையாது. பேரிங்கில் அடிபட்டு நுரைத்த எண்ணெய் தன் எடையால் மட்டுமே கீழே வடிய வேண்டும். அதனால் வடிகுழாயின் உள்விட்டம் 12 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நேராக இறங்க வேண்டும். நடுவில் தொய்வு விழுந்தால் அங்கே எண்ணெய் தேங்கி நிற்கும். எஞ்சினில் அது சேரும் இடமும் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இடமே இல்லையென்றால், எண்ணெயை இழுத்துத் தள்ளும் சிறிய மின்பம்ப் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஒற்றை சிலிண்டரில் கூடுதலாக ஒரு தொல்லை. பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க்கேஸில் உள்ள காற்றை அமுக்குகிறது. அதைச் சமன் செய்ய எதிரே இன்னொரு பிஸ்டன் இல்லை. அந்த அழுத்தம் வடிகுழாய் வழியே மேலே வந்து எண்ணெயைத் திருப்பி அனுப்பும். ப்ரீதர் குழாயைப் பெரிதாக்கி, அதில் ஒருவழி வால்வு வைத்தால் பாதிப் புகை அதோடு நிற்கும்.

இன்னொன்று, மிகச் சிறியது. எண்ணெய் இணைப்புகளின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. இறுக்கும்போது பிய்ந்த ஒரு நூல் அளவு டேப் அந்த 1 மில்லிமீட்டர் துளையில் போய் உட்கார்ந்தால், நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஷாஃப்ட் சில நொடிகளில் காய்ந்து பிடித்துவிடும். கசிவைத் தடுக்கச் செப்பு வாஷர் போதும்.

காற்று, பெட்ரோல், தீப்பொறி

டர்போ இடைவிடாமல் காற்றைத் தள்ளுகிறது. ஒற்றை சிலிண்டரோ இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வாய் திறக்கிறது. நடுவில் ஒரு காற்றுப் பெட்டி இல்லாவிட்டால் அழுத்தம் துள்ளும்; எந்தக் கேஜும் உண்மை பேசாது. த்ராட்டிலுக்கு முன்னால், எஞ்சின் கொள்ளளவைப் போல் மூன்று நான்கு மடங்கு, அதாவது ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் அளவில் அலுமினியப் பெட்டி ஒன்று வேண்டும். த்ராட்டிலைச் சட்டென்று மூடும்போது காற்றை வெளியே விட ஒரு வால்வும் அதில் வைக்க வேண்டும்.

பெட்ரோலையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்தும் கம்பெனி ஈசியு பூஸ்டைப் பார்த்ததே இல்லை. அதன் பிரஷர் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சற்று மேலே குருடாகிவிடும். பெட்ரோல் பம்ப் தரும் 3 பார் அழுத்தமும், எதிரே 0.35 பார் பூஸ்ட் நிற்கும்போது 2.65 பாராகத்தான் வேலை செய்யும். காற்று கூடும் நேரத்தில் பெட்ரோல் ஆறு சதவீதம் குறையும். எனவே பூஸ்ட் குழாயோடு இணைத்த ரெகுலேட்டரும், பெரிய இன்ஜெக்டரும், 2 பார் வரை படிக்கும் சென்சாரோடு தனி ஈசியுவும் வேண்டும். இவற்றுக்குப் பணம் இல்லையென்றால் டர்போ வாங்குவதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

கலவையை அளக்க வைட்பேண்ட் சென்சாரைப் பூட்டி லாம்ப்டா எண்ணைத்தான் பார்க்க வேண்டும். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 என்ற விகிதம் பழைய புத்தகங்களில் இருக்கும். இன்றைய பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது சுமார் 13.5. எந்தப் பெட்ரோலானாலும் சரியான கலவையை 1 என்றே காட்டும் லாம்ப்டா இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்: பூஸ்டில் 0.80 முதல் 0.85 வரை. தீப்பொறி நேரத்தை ஒவ்வொரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கும் ஒரு டிகிரி பின்னால் தள்ளித் தொடங்குவது பத்திரம். பிளக் ஒரு படி குளிர்ந்தது, இடைவெளி 0.6 மில்லிமீட்டர்.

முதல் ஸ்டார்ட்

டர்போவின் காற்று வாயை மூடி, 0.3 பார் காற்றை உள்ளே விட்டு, எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, வடிகுழாயின் அடிமுனையையும் கழற்றி, அங்கே எண்ணெய் சொட்டும் வரை செல்ஃப் அடிக்க வேண்டும். எண்ணெய் வந்த பிறகுதான் பிளக். முதல் பத்து நிமிடம் ஐட்லிங் மட்டும். நிறுத்தும்போதும் ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டே நிறுத்த வேண்டும்; சூடான பேரிங்கில் நின்றுபோன எண்ணெய் கருகிப் படியும்.

இனி வரும் தொல்லைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். பூஸ்ட் ஏறும் நேரத்தில் வண்டி திக்கினால் பிளக் இடைவெளியைப் பாருங்கள். அழுத்தமான காற்றில் பொறி அணைகிறது. பூஸ்ட் கேஜ் 0.2-ஐத் தாண்டவே இல்லையென்றால் எங்கோ ஒரு ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது டர்போவுக்கு முன்னால் சைலன்ஸர் பைப் கசிகிறது. எஞ்சின் சீறுகிறது, வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது; கெட்டியான ஸ்பிரிங் போட வேண்டும். ஐட்லிங்கில் மட்டும் புகைத்தால் மறுபடி வடிகுழாய்.

நாக்கிங், அதாவது கலவை தானாக வெடித்துத் தட்டும் சத்தம், கேட்டால் விவாதமே வேண்டாம். ஆக்ஸிலேட்டரை உடனே விட வேண்டும். திருப்பதியில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். 0.35 பாருக்கு அமுக்கும்போது அந்தக் காற்று 80 டிகிரிக்கு மேல் சூடாகித்தான் எஞ்சினுக்குள் போகிறது. மார்கழிக் காலையில் சத்தமே போடாத வண்டி கத்திரியில் நாக் அடிக்க இதுவே காரணம். சின்ன இன்டர்கூலர் ஒன்றைக் காற்று படும் இடத்தில் வைப்பதும், 100 ஆக்டேன் பெட்ரோல் போடுவதும் கொஞ்சம் இடம் கொடுக்கும். கோடையில் பூஸ்டைக் குறைத்துக்கொள்வது அதைவிடப் பத்திரம்.

இவ்வளவும் சரியாக அமைந்தால், 27 குதிரைத்திறன் எஞ்சின் 35 பக்கம் போகும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் மாற்ற வேண்டும். அது வேறு செலவு.

டிராக்குக்கு வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் எண்ணெயை வடித்து, ஃபில்டரை அறுத்துப் பிரித்து, காகித மடிப்புகளை வெளிச்சத்தில் பாருங்கள். மினுமினுக்கும் உலோகத் தூள் இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று தெரியும் வரை அந்த எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.